வால்மீன் கண்ட வைணு பாப்பு

2024-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் இறுதியில் ஒரு நாள், விடியற்கு முன்னர் எழுந்து, எம் ஊராகிய திருவாமாத்தூரில் பம்பையாற்றின் கரைக்குச் சென்றோம். அபிராமேசுவரர் கோயிற் கோபுரம் இருளில் கரிய மலைபோல் நின்றது. ஆற்று மணல் வெறுமையாய்க் கிடந்தது. கீழ்வானில் வெளுப்புப் படருமுன், பனைவரிசையின் தலைக்குச் சற்றுமேல், மங்கிய ஒளிப்புள்ளியொன்றும் அதினின்று மேனோக்கி நீண்ட புகைக்கீற்றொன்றும் புலப்பட்டன. சுச்சின்ஷான்–அட்லசு என்னும் பெயருடைய வால்மீன் அது. கால் நாழிகைக்குள் விடியல் அதனை விழுங்கிவிட்டது. கண்டது சிறிதேயாயினும், கண்ட அன்று முழுதும் பாடத்தில் எம் மனம் ஒன்றவில்லை.

வீடு திரும்பி இதனைப் பாட்டியாரிடம் கூறியபோது அவர் மகிழ்ந்திலர். 1965-ஆம் ஆண்டில் தாம் சிறுமியாயிருந்த காலத்து, துடைப்பத்தை நிமிர்த்தி வைத்தாற்போன்ற பெரிய வால்மீனொன்று விடியல்தோறும் தோன்றியதையும், நாடாள்வோர்க்குத் தீங்கு வருமென்று ஊரார் அஞ்சியதையும் எடுத்துரைத்தார். இக்கேயா–செக்கி என வானநூலார் வழங்கும் வால்மீனே அது. அவ்வாண்டு நம் நாட்டிற்கும் பாக்கிஸ்தானுக்கும் போர் நிகழ்ந்ததும், அடுத்த சனவரியில் பிரதம மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரியார் மறைந்ததும் உண்மையே. ஆயினும் போர் அவ்வால்மீன் வெறுங்கண்ணுக்குத் தோன்றுமுன்னரே தொடங்கி ஓய்ந்துவிட்டது. வால்மீன் தோன்றாத ஆண்டுகளிலும் போர்களும் சாவுகளும் நேர்ந்தே வந்துள்ளன. இதனைப் பாட்டியாரிடம் வாதிட்டு வெல்ல எம்மால் இயலவில்லை. அவ்வச்சம் மிகப் பழைமையானது. தூமம் தோன்றினும் பாரியின் நாட்டில் மழை பொய்யாது எனக் கபிலர் பாடிய பாட்டு புறநானூற்றில் உண்டு. தூமம் தோன்றின் மழை பொய்க்கும் என்ற நம்பிக்கை அன்று நாடெங்கும் இருந்திராவிடின் அப்புகழ்ச்சிக்குப் பொருளில்லை.

அஞ்சத்தக்கதென்று மாந்தர் கதவடைத்துக்கொண்ட பொருளை, நின்று நோக்கி ஆராய்ந்தவர் சிலர் நம் தமிழகத்திலும் இருந்தனர். அவருள் தலையாயவர் ஒருவரது வரலாற்றை நம் கல்லூரி அன்பர்களுக்கு ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவரே வானநூற் பேரறிஞர் வைணு பாப்பு.

வரலாற்றிற் புகுமுன் வால்மீனின் இயல்பைச் சுருங்கக் கூறுவோம். வால்மீன் விண்மீனன்று, உறைந்த நீரும் வளிகளும் தூசியும் கலந்து இறுகிய கட்டியாகும். பெரும்பாலும் சில கல் அகலமே உடையது. கதிரவனுக்கு நெடுந்தொலைவில் இருக்கும்போது எவர் கண்ணுக்கும் புலப்படாது. நெருங்கி வருங்கால் வெப்பத்தாற் பனி ஆவியாகித் தூசியோடு வெளிப்பட்டுத் தலையைச் சூழ்ந்து ஒளிரும். அதுவே வாலாகவும் நீளும். வால் எப்பொழுதும் கதிரவனுக்கு எதிர்ப்புறமாகவே நிற்கும். ஆதலின் கதிரவனைவிட்டு விலகிச் செல்லும் வால்மீன் தன் வாலை முன்னே விட்டுச் செல்வது போலத் தோன்றும். வால்மீன்களும் கோள்களைப்போலவே கணக்கிற்குட்பட்ட வழியிற் செல்வன என்று காட்டியவர் ஆங்கில நாட்டு எட்மண்டு ஹாலி. 1682-இல் தோன்றியது 1758-ஐ ஒட்டி மீண்டும் வருமென்று அவர் கணித்தார். 1742-இல் அவர் இறந்தார். 1758-ஆம் ஆண்டு கிறிஸ்துப் பிறப்பு நாளின் இரவில் செர்மனி நாட்டு உழவர் ஒருவர் அதனைக் கண்டார். கணித்தவர் காணவில்லை, கணக்குப் பொய்க்கவுமில்லை.

எம் ஊருக்குக் கிழக்கே கடற்கரையிலுள்ள புதுச்சேரியில், 1689-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், ரிஷோ என்னும் இயேசு சபைப் பாதிரியார் அங்குத் தோன்றிய வால்மீனொன்றைத் தொலைநோக்கியால் ஆராய்ந்தார். அப்பொழுது தென்வானில் ஒளிரும் ஆல்பா செந்தாரி என்னும் மீன் ஒன்றன்று, இரட்டை என்பதையும் கண்டறிந்தார். பின்னர்ச் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடத்தில் நார்மன் பாக்சன் என்பார் முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தார். 1872-இல், காணாமற்போன பீலா வால்மீனைத் தென்வானில் தேடும்படி செர்மனியிலிருந்து அவருக்குத் தந்தி வந்தது. டிசம்பர்த் தொடக்கத்தில் இரு விடியல்களில் அவர் ஒரு வால்மீனைக் கண்டார். அதன் வழியைக் கணிக்க மூன்று நாளைய நோக்கு வேண்டும். மூன்றாம் நாள் காண முகில் இடங்கொடுக்கவில்லை. அவர் கண்டது பீலாவின் வால்மீனோ வேறொன்றோ என்பது அவ்வளவில் முடிவின்றி நின்றது. நல்ல கருவியும் நல்ல வானமும் ஒருங்கே வாய்ப்பது எத்துணை அரிது என்பதற்கு இஃதொரு சான்று. இவ்வருமையே பாப்பு தம் வாழ்நாள் முழுதும் எதிர்த்துப் போராடிய குறையுமாம்.

மணலி கல்லட் வைணு பாப்பு 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10-ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். அவர்தம் முன்னோர் கேரள நாட்டினர். தந்தையார் ஹைதராபாத்து நிஜாமியா வானாய்வுக்கூடத்தில் உதவியாளராயிருந்தார். ஆதலின் பிற சிறுவர் தெருவில் விளையாடிய பருவத்தே இவர் தொலைநோக்கியின் அருகில் வளரும் பேறு பெற்றார். தந்தையார் இரவுதோறும் விண்மீன்களை நோக்கிக் குறிப்பெழுதுவதைக் கண்டு, தாமும் அவ்வாறே செய்யப் பழகினார். ஒளி கூடியும் குறைந்தும் வரும் மாறுவிண்மீன்களை நோக்கி, நிஜாம் கல்லூரியில் மாணவராயிருந்தபோதே ஆராய்ச்சிக் குறிப்புகளை வெளியிட்டார். படிப்பில் மட்டுமன்றிச் சொற்போரிலும் கிரிக்கெட்டு ஆட்டத்திலும் கலைகளிலும் அவருக்கு நாட்டமிருந்தது. கல்லூரி வாழ்வை முழுதும் நுகர்ந்தும் இரவை வீணாக்காத மாணவர் அவர்.

இயற்பியலில் உயர்பட்டம் பெற்றபின் எங்குச் செல்வது என்ற வினா எழுந்தது. வானநூலைத் தொழிலாகக் கொள்வார்க்கு அக்காலத்து இந்தியாவில் இடம் மிகச் சிலவே, கருவிகளோ பழைமையானவை. ஹைதராபாத்து அரசாங்கத்தார் உதவித்தொகை அளிக்க, 1949-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

அங்குச் சென்று சில திங்களே கழிந்தன. 1949-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 2-ஆம் நாள் இரவில், வழக்கமான பணியாக வானத்தின் ஒரு பகுதியை ஒளிப்படத் தகட்டிற் பதித்தார். வால்மீன் தேடுவது அன்றைய வேலையன்று. தகட்டைக் கழுவி எடுத்து ஆராய்கையில், விண்மீன்களின் கூர்ம்புள்ளிகளிடையே, இருத்தற்குரியதன்றி மங்கிய கறையொன்று தென்பட்டது. ஒளிப்படத் தகட்டிற் கறைகள் பலவாறு உண்டாகும். தூசியாலும் கைபட்டும் மருந்தின் குற்றத்தாலும் தோன்றலாம். பொருட்படுத்தாது தகட்டை உறையிலிட்டு அடுத்த வேலைக்குச் சென்றிருப்பின் குறைகூறுவார் எவருமில்லை. பாப்பு அவ்வாறு செய்திலர். அக்கறை வால்மீனாகுமோ என ஐயுற்றார். பேராசிரியர் பார்ட்டு பாக்கும் உடன் பயின்ற கோர்டன் நியூகர்க்கும் அவருடன் சேர்ந்து ஆராய, அது புதிய வால்மீனே என்பது உறுதியாயிற்று. மூவர் பெயராலும் அது பாப்பு–பாக்–நியூகர்க் வால்மீன் என வழங்கலாயிற்று. வெறுங்கண்ணாற் காணக்கூடிய ஒளி அதற்கில்லை. மீண்டும் வர ஏறத்தாழ அறுபதினாயிரம் ஆண்டுகள் ஆகும் எனக் கணித்தனர். பசிபிக் வானநூற் கழகத்தார் அவ்வாண்டிற்குரிய தோனோ வால்மீன் பதக்கத்தை அவருக்கு வழங்கினர். அப்பொழுது அவருக்கு இருபத்திரண்டு வயது நிரம்பும் பருவம்.

இவ்விடத்து நம்மனோர் சற்று நின்று எண்ணல் வேண்டும். இதனை நல்லூழ் என்பார் உளர். ஊழ் தகட்டில் கறையை வைத்தது உண்மை. எனினும் அக்கறை விண்மீனன்று எனக் கண்டுகொள்ள, விண்மீன்கள் தகட்டில் எவ்வாறு தோன்றும் என்பது கைவந்திருத்தல் வேண்டும். அப்பயிற்சி ஹார்வர்டில் ஆறு திங்களில் வந்ததன்று. ஹைதராபாத்தில் தந்தையாரின் அருகிருந்து கழித்த இரவுகளில் வந்தது.

1952-இல் பாப்பு டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்க் கார்னகி நிலையத்தாரின் ஆராய்ச்சி உதவி பெற்றுக் கலிபோர்னியாவிலுள்ள மவுண்டு வில்சன், பலோமார் மலை வானாய்வுக்கூடங்களுக்குச் சென்றார். அன்று உலகிற் பெரியதாகிய இருநூறு அங்குலத் தொலைநோக்கி பலோமாரில் இருந்தது. அங்கு ஓலின் வில்சன் என்பாருடன் கூடிச் செய்த ஆராய்ச்சி அவர் பெயரை வானநூலில் நிலைநிறுத்திற்று. குளிர்ந்த விண்மீன்களின் ஒளிமாலையில் கால்சியம் என்னும் தனிமத்திற்குரிய கருவரியொன்று உண்டு. அதன் நடுவே மெல்லிய ஒளிவரி தோன்றும். அவ்வொளிவரி எவ்வளவு அகன்றுள்ளதோ அவ்வளவிற்கு அவ்விண்மீன் இயல்பாகவே பேரொளி உடையது என இவ்விருவரும் கண்டனர். இயல்பான ஒளியும் நமக்குத் தோன்றும் ஒளியும் தெரிந்தால் விண்மீனின் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். 1957-இல் வெளியான இவ்வுண்மை வில்சன்–பாப்பு விளைவு என்னும் பெயரால் இன்றும் வழங்குகிறது.

இத்தகைய பெருமையும் பெருங்கருவிகளும் கைக்கெட்டிய நிலையில் அவர் அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். அங்ஙனம் தங்கியிருப்பின் இன்னும் பல கண்டுபிடிப்புகள் அவர் பெயரால் வழங்கியிருத்தல் கூடும். 1953-இல் அவர் தாய்நாடு திரும்பினார். ஆளும் கருவியும் நிறைந்த இடத்தை விட்டு, அவ்விரண்டும் அருகிய இடத்திற்கு வந்தார். தாம் காண்பதினும் தம் நாட்டார் காண்பதற்கு வழிசெய்தலே பெரிதென அவர் கொண்டார் என்பதை அவர்தம் பிற்கால வாழ்வு முழுதும் காட்டுகிறது. உத்தரப் பிரதேச அரசாங்கத்தார் 1954-இல் காசியில் நிறுவிய வானாய்வுக்கூடத்தின் பொறுப்பு அவரை அடைந்தது. நகரின் விளக்கும் தூசியும் வானநூலுக்குப் பகை. ஆதலின் அதனை 1955-இல் இமயச்சாரலிலுள்ள நைனிதாலுக்கு மாற்றி வளர்த்தார்.

1960-இல் கோடைக்கானல் வானாய்வுக்கூடத்தின் தலைவராக அழைக்கப்பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. சென்னை நுங்கம்பாக்கத்திற் பாக்சன் பணிபுரிந்த பழைய நிலையத்தின் வழிவந்ததே கோடைக்கானல் நிலையம். 1899-இல் மலைக்கு மாறியபின் அது கதிரவனை ஆராய்வதிற் பெயர்பெற்றது; 1909-இல் எவர்ஷெடு என்பார் கதிரவனின் கரும்புள்ளிகளில் வளி வெளிநோக்கிப் பாய்வதை அங்கிருந்தே கண்டறிந்தார். எனினும் இரவு வானை ஆராயத்தக்க பெருங்கருவி அங்கில்லை. முகிலும் மூடுபனியும் ஆண்டிற் பல இரவுகளைக் கவர்ந்துகொண்டன. பாக்சன் பட்ட இடரே மீண்டும் பாப்புவின் முன் நின்றது. கருவி தேடுமுன் வானம் தேடவேண்டும் என அவர் துணிந்தார்.

தென்னாட்டுக் குன்றுகள் பலவற்றை ஆராய்ந்து இறுதியில் அவர் தெரிந்தெடுத்தது சவ்வாது மலையிலுள்ள காவலூர். திருவாமாத்தூரிலிருந்து வடமேற்காகத் திருவண்ணாமலையைக் கடந்து சென்றால் அம்மலைத்தொடரை அடையலாம். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ எழுநூற்றிருபத்தைந்து மீட்டர் உயரத்தில், சந்தனமரக் காட்டினிடையே, ஊர்விளக்குகளின் தொல்லையின்றி அவ்விடம் அமைந்திருந்தது. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகையளவே தள்ளியிருத்தலால், வடவானையும் தென்வானின் பெரும்பகுதியையும் அங்கிருந்து காணலாம். ஐரோப்பியரும் அமெரிக்கரும் தம் நாட்டிலிருந்து காணவியலாத தென்மீன்கள் பல காவலூரார்க்கு எளிதிற் புலப்படும்.

1968-இல், தம் நிலையத்தாரே செய்தமைத்த முப்பத்தெட்டுச் செண்டிமீட்டர்த் தொலைநோக்கி ஒன்றுடன் காவலூரிற் பணி தொடங்கிற்று. பலோமாரில் ஐந்து மீட்டர்க் கண்ணாடியின் முன் நின்றவர், அரை மீட்டரும் இல்லாத கண்ணாடிக்காகக் காட்டில் இடம் திருத்தினார். 1972-இல் செர்மனியிலிருந்து வந்த ஒரு மீட்டர்த் தொலைநோக்கி அங்கு நிறுவப்பெற்றது. அவ்வாண்டிலேயே, வியாழனின் துணைக்கோளாகிய கானிமீடு ஒரு விண்மீனை மறைத்த நிகழ்ச்சியை அங்கிருந்து நோக்கினர். அத்துணைக்கோளைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் உண்டென்பதற்கு அந்நோக்கு சான்றாயிற்று. 1977-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள், யுரேனசுக் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென உலகம் அறிந்தபோது, அதனை நோக்கியவருள் காவலூராரும் இருந்தனர். சவ்வாது மலைக்காட்டின் பெயர் உலக வானநூலிற் புகுந்தது.

இதனிடையே, 1971-இல், கோடைக்கானல் நிலையம் தன்னாட்சி பெற்ற இந்திய வானியற்பியல் நிலையமாயிற்று. பெங்களூரு அதன் தலைமையிடமாயிற்று. பாப்பு அதன் முதல் இயக்குநரானார். அப்பொழுது அவர் பெருமுயற்சி ஒன்றைத் தொடங்கினார். இரண்டேகால் மீட்டரினும் அகன்ற கண்ணாடியுடைய தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. விலைகொடுத்து வாங்கினால் விரைவில் வந்திருக்கும். ஆயினும் அடுத்த கருவிக்கும் பிறரிடமே செல்லவேண்டும் அன்றோ? கண்ணாடியைத் தேய்த்து மெருகிடும் வேலையைத் தம் நிலையத்துப் பட்டறையிலேயே நடத்தினார். அத்தேய்ப்பு நாட்கணக்கில் முடிவதன்று. ஒரு முடியின் தடிப்பிற் சிறுகூறும் பிழையாகாதபடி, தேய்ப்பதும் அளப்பதும் மீண்டும் தேய்ப்பதுமாக ஆண்டுகள் சென்றன.

1979-இல் உலக வானநூலார் கழகம் அவரைத் தலைவராகத் தேர்ந்தது. அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே. 1981-இல் இந்திய அரசாங்கத்தார் பத்மபூஷண் விருது வழங்கினர். 1982-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிரேக்க நாட்டுப் பட்ராசு நகரில் அக்கழகத்தின் பேரவை கூடிற்று. தலைமை தாங்கவேண்டியவர் அங்கில்லை. செர்மனி நாட்டு மியூனிக்கு நகரில் இருதய அறுவைச் சிகிச்சை செய்யப்பெற்று, ஆகஸ்டுத் திங்கள் 19-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். ஐம்பத்தைந்து வயது நிரம்பி ஒன்பது நாட்களே கழிந்திருந்தன. பெங்களூருவிற் கண்ணாடி முற்றுப்பெறவில்லை; காவலூரில் அதற்குரிய பெருங்கருவி எழவில்லை.

தலைவர் மறைந்தால் வேலை நின்றுபோதல் நம் நாட்டிற் பலகாற் கண்டதே. இங்கு அவ்வாறு நேரவில்லை. அவரிடம் பயின்றோர் வேலையை விடாது நடத்தினர். 1986-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாள், பிரதம மந்திரி ராசீவ் காந்தி, 2.34 மீட்டர் அளவுடைய அத்தொலைநோக்கியை நாட்டிற்கு உரியதாக்கினார். அப்பொழுது இந்தியாவில் அதனினும் பெரிய தொலைநோக்கி வேறில்லை. அதற்கு வைணு பாப்பு தொலைநோக்கி என்றும், காவலூர் நிலையத்திற்கு வைணு பாப்பு வானாய்வகம் என்றும் பெயரிட்டனர். எழுபத்தாறு ஆண்டுகட்குப்பின் ஹாலியின் வால்மீன் வந்திருந்த காலம் அது. அவ்வால்மீனைக் காவலூரில் ஆராய்ந்தனர். வால்மீனாற் புகழ்பெற்றவர் அதனைக் காண இலர். அவர் அமைத்த இடமும் ஆக்கிய மாணவரும் கண்டனர். ஹாலிக்கு நேர்ந்ததே பாப்புவிற்கும் நேர்ந்தது. 1988-இல் அதே மலையிலிருந்து கண்டறியப்பட்ட சிறுகோளொன்றிற்கு இராமானுசன் எனப் பெயரிட்டனர். பாப்புவின் பெயராலும் ஒரு சிறுகோள் வானில் உலவுகிறது.

அன்பர்காள்! இப்பெரியார் வரலாற்றை எழுதுங்கால் எம் உள்ளத்தே மீண்டும் மீண்டும் தோன்றியது அந்தச் சூலை இரவின் தகடே. நம் கண்முன்னும் நாள்தோறும் தகடுகள் வருகின்றன. தமிழ் பயிலும் எமக்குப் பாடவேறுபாடுள்ள சுவடியும், பொருள் விளங்காத சொல்லும் அத்தகையனவே. கறையென்று ஒதுக்கிச் செல்லலாம். நின்று நோக்கவும் செய்யலாம். நோக்கி ஒன்றைக் கண்டபின், அதனாற் பெற்ற புகழோடு அமைவதா, பின்வருவோர் காண இடம் திருத்துவதா என்பது அடுத்த வினா. அதற்குப் பாப்பு தம் வாழ்நாளை விடையாகக் கொடுத்தார்.

ஹாலியின் வால்மீன் மீண்டும் 2061-ஆம் ஆண்டில் வரும். அன்று எம் வகுப்பினர்க்கு ஐம்பத்தைந்தை ஒட்டிய வயதாயிருக்கும். பாப்பு மறைந்த வயதும் அதுவே. பம்பையாற்றங்கரையில் அவ்வால்மீனைக் காண அன்று எம்முடன் சிறுவர் சிலரேனும் வருவராயின், அவரை அழைத்துச் செல்வோம். இப்பொழுதைக்குப் பாட்டியாரிடம் ஒன்று கேட்டுள்ளோம்: அடுத்த வால்மீன் தோன்றும்போது எம்முடன் ஆற்றங்கரைக்கு வரவேண்டும் என்று. அவர் இன்னும் இசைந்திலர், மறுக்கவும் இல்லை.